திறந்த வகை இயர்பட்ஸ் வாங்கலாமா? ஆறு வாரம் மாட்டிப் பார்த்த பிறகு சொல்லும் பதில்கள்

இரண்டு வருடம் ரப்பர் முனை வைத்த இயர்பட்ஸைக் காதுக்குள் திணித்துக்கொண்டே வேலை பார்த்தேன். போன கோடையில் வலது காதில் அரிப்பு வந்தது. காது மூக்கு தொண்டை மருத்துவர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, காதுக்குக் கொஞ்சம் காற்று விடச் சொன்னார். செவித்துளையை அடைக்காத வகையின் பக்கம் நான் வந்தது அப்படித்தான். நான்காயிரம் ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று வைத்துக்கொண்டு, மூன்று வகையில் மூன்று ஜோடி சொந்தக் காசில் வாங்கினேன். அதன் பிறகு அலுவலகத்திலும் உறவினர் வீடுகளிலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளே இவை. எந்த நிறுவனம், எந்த மாடல் என்று சொல்லப்போவதில்லை. இந்த விலையில் மாடல்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை மாறிவிடுகின்றன. வகையின் குணம் மாறுவதில்லை.

திறந்த வகை என்றால் சரியாக என்ன?

செவித்துளையை ரப்பர் முனையால் அடைக்காமல், வாசலில் நின்று பாடுகிற வகை. மூன்று உருவங்களில் கிடைக்கிறது. முதலாவது தண்டு வகை: காதுமடலின் குழியில் உட்கார்ந்து, கீழே ஒரு சின்னத் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டாவது கொக்கி வகை: கண்ணாடிக் காம்பு போலக் காதுக்கு மேலே வளைந்து, ஒலிபெருக்கியைத் துளைக்கு எதிரே தொங்கவிடும். மூன்றாவது கிளிப் வகை: காதுமடலின் ஓரத்தைத் தோடுபோலக் கவ்விக்கொள்ளும்.

இது புதுச் சரக்கு என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். 2001இல் ஐபாடுடன் வந்த வெள்ளை இயர்போனும் இந்தக் குடும்பம்தான். ஆப்பிள் 2016இல் அதே பாணியை வயர் இல்லாமல் ஏர்பாட்ஸ் என்று கொண்டுவந்தது. நடுவில் ஓட்டையுள்ள லிங்க்பட்ஸைச் சோனி 2022இல் விட்டது. கொக்கி வகையில் ஷாக்ஸ் ஓப்பன்ஃபிட்டும், கிளிப் வகையில் ஹுவாவே ஃப்ரீகிளிப்பும் 2023இல் வந்தன. அவற்றின் விலை கேட்டுத் திரும்பி வந்தவர்களுக்காக, அதே உருவத்தில் மலிவான ஜோடிகள் பின்னாலேயே வரிசைகட்டின. நான் வாங்கியது இந்தப் பின்வரிசையில்.

எலும்பு வழியாகக் கேட்பது என்கிறார்களே, அதுவா இது?

இல்லை. எலும்பு வழிக் கருவி கன்னத்து எலும்பில் ஒட்டி அதிரும். ஒலி செவிப்பறையைச் சுற்றிக்கொண்டு உள்காதுக்குப் போகும். திறந்த வகை காற்றின் வழியாகத்தான் ஒலியை அனுப்புகிறது, சாதாரண ஸ்பீக்கரைப் போல. கொக்கி வகையின் உருவத்தைப் பார்த்து இணையக் கடைகளில் சில விற்பனையாளர்களே இரண்டையும் குழப்பி எழுதுகிறார்கள். மாட்டியதும் கன்னத்தில் குறுகுறு என்று அதிர்ந்தால் எலும்பு வழி; அதிராவிட்டால் இது.

எப்படிச் சோதித்தீர்கள்?

ஆய்வுக்கூடம் எதுவும் இல்லை. குரோம்பேட்டையில் வீடு, நுங்கம்பாக்கத்தில் அலுவலகம், இடையில் கடற்கரை-தாம்பரம் புறநகர் ரயில். வாரத்தில் மூன்று நாள் அலுவலகம், மற்ற நாள் வீட்டிலிருந்து வேலை. ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு வாரம். போனில் ஒலி அளவு காட்டும் ஆப்களை நம்பி டெசிபல் எண் சொல்ல எனக்குத் துணிவில்லை. அதற்குப் பதிலாக ஒரு எளிய கணக்கு வைத்துக்கொண்டேன். என் போனில் ஒலியளவுக்கு 15 படிகள். ஒரே உரையாடல் நிகழ்ச்சியைப் போட்டு, வார்த்தை தவறாமல் கேட்க எத்தனையாவது படிக்குப் போக வேண்டியிருக்கிறது என்று நோட்டில் குறித்தேன். அந்த எண்கள்தான் எனக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தன.

பஸ்ஸிலும் ரயிலிலும் கேட்க முடியுமா?

நேரடியாகச் சொல்கிறேன்: அதற்காக வாங்காதீர்கள்.

வீட்டில், மின்விசிறி ஓடும் அறையில், எனக்கு ஐந்தாவது படி போதும். அலுவலகத்தில் ஏழு. ரயில் கிண்டியைத் தாண்டி வேகம் எடுக்கும்போது பதின்மூன்று. பெட்டி முழுக்க ஜன்னல் திறந்திருக்க, எதிர்த்தடத்தில் இன்னொரு வண்டி கடந்தால் பதினைந்திலும் பாதி வாக்கியம் காணாமல் போயிற்று. தண்டு, கொக்கி, கிளிப் மூன்றுக்கும் இதே கதைதான். ஒரு படி கூடக் குறைய.

காரணம் எளியது. ரப்பர் முனை ஒரு கதவு. அதில் சத்தத்தை அடக்கும் வசதி இல்லாவிட்டாலும், அடைப்பு ஒன்றே வெளிச்சத்தத்தில் பெரும்பங்கைத் தடுத்துவிடும். இங்கே கதவே கிடையாது. பஸ் எஞ்சினின் உறுமலும் சக்கரத்தின் இரைச்சலும் பெரும்பாலும் தாழ்ந்த சுருதி கொண்ட ஒலிகள். திறந்த வகைக்கு ஏற்கெனவே பலவீனமான இடமும் அதுதான். தன்னிடம் குறைவாக இருப்பதையே பஸ்ஸும் வந்து பறித்துக்கொள்கிறது. அதனால்தான் வீட்டில் நன்றாகக் கேட்ட பாட்டு பஸ்ஸில் தகர டப்பாவாக மாறுகிறது. இயர்பட்ஸ் கெட்டுவிட்டது என்று சேவை மையத்துக்குப் போகத் தேவையில்லை.

இந்த வகைக்கான விளம்பரங்களைக் கவனித்திருப்பீர்கள். எல்லாவற்றிலும் யாராவது ஓடிக்கொண்டிருப்பார்கள், சைக்கிள் மிதித்துக்கொண்டிருப்பார்கள், பின்னால் ஆளரவமற்ற மலைப்பாதை. அந்த மலைப்பாதையின் அமைதியைச் சேர்த்து விற்பதில்லை. நம் ஊர்த் தெருவில் இறங்கினால் ஹாரன் இருக்கிறது. வெளியே போவதற்கான கருவி என்று விற்கப்படுவது உண்மையில் வீட்டுக்குள் இருப்பதற்கான கருவி. ஆறு வாரத்தில் நான் கண்டுபிடித்தது இதுதான். மற்றதெல்லாம் இதற்கு உரை.

ஒரே ஒரு விலக்கு. ரயிலில் பாட்டு கேட்காமல், அடுத்த நிலைய அறிவிப்புக்குக் காது கொடுத்தபடி சும்மா மாட்டியிருந்தால், மாம்பலத்தில் இறங்க மறப்பதில்லை. அதற்கு இயர்பட்ஸ் எதற்கு என்றும் கேட்கலாம்.

அப்படியானால் வீட்டில் என்ன சுகம்?

குக்கர் விசில். பருப்புக்கு நான்கு விசில் என்றால், அடைத்த இயர்பட்ஸோடு நின்றவருக்கு இரண்டா மூன்றா என்று சந்தேகம் வந்தே தீரும். திறந்த வகையில் அலுவலகக் கூட்டத்தில் இருந்துகொண்டே விசிலை எண்ணி அடுப்பை அணைத்தேன். கேஸ் சிலிண்டர்காரர் வாசலில் உருளையை உருட்டும் சத்தம், அழைப்பு மணி, பக்கத்து அறையில் அம்மா கூப்பிடுவது, பால் பொங்குவதற்கு முந்தைய அந்தச் சீறல் என்று எல்லாம் கேட்கிறது. வீட்டில் வயதானவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் இந்த ஒன்றுக்காகவே காசு கொடுக்கலாம்.

மிக்சி ஓடினால் மட்டும் தோல்வி. சட்னி அரைபடும் வரை நிகழ்ச்சியை நிறுத்திவைப்பதே புத்திசாலித்தனம். ஒலியைக் கூட்டினால், மிக்சி நின்றதும் காதில் அறை விழும்.

இன்னொன்று, மணிக்கணக்கில் மாட்டியிருக்கலாம். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் ரப்பர் முனைக்குப் பின்னால் ஈரம் தேங்கும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்களில் காதுத் துளையில் பூஞ்சைத் தொற்று சகஜம். திறந்த வகை அதற்கு மருந்தல்ல. ஆனால் காற்றோட்டத்தை மறிப்பதில்லை. காதில் வலியோ நீர்வடிதலோ இருந்தால் எதையும் மாட்டாமல் மருத்துவரைப் பாருங்கள்.

பேஸ் இருக்காதாமே?

இருக்கும், குறைவாக. மூடிய செவிக்குழாய் ஒரு சின்னக் குடம் மாதிரி. அதற்குள் இருக்கும் கொஞ்சம் காற்றை ஒரு குட்டிச் சவ்வு அழுத்தி விட்டாலே தாழ்ந்த ஒலி கனமாக விழும். குடத்தில் ஓட்டை இருந்தால் அழுத்தம் வெளியே போய்விடும். உயர்ந்த ஒலிகள் அதற்குள் செவிப்பறைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். தாழ்ந்த ஒலிக்குத்தான் இழப்பு.

இதைச் சரிக்கட்ட நிறுவனங்கள் சவ்வைப் பெரிதாக்குகின்றன. ரப்பர் முனை வகைகளில் 6 முதல் 10 மில்லிமீட்டர் இருப்பது, திறந்த வகைகளில் 12, 14, சிலவற்றில் அதற்கும் மேல் போகிறது. மென்பொருளாலும் தாழ்ந்த ஒலியைத் தூக்கிவிடுகிறார்கள். ஆனால் ஒலியளவை மிகவும் கூட்டினால் குட்டிச் சவ்வு தாங்காது என்பதால், பல ஜோடிகளில் அந்தத் தூக்கல் சத்தமில்லாமல் பின்வாங்கிவிடும். முக்கால் அளவுக்கு மேல் பாட்டு திடீரென்று மெலிந்துபோவது இதனால்.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று. மிருதங்கம் தனியாக ஒலிக்கும் பதிவைப் போடுங்கள். வலந்தலையின் அடி எல்லா இயர்பட்ஸிலும் கேட்கும். இடப்பக்கமான தொப்பியின் கும்கி, அதாவது அந்தத் தாழ்ந்த முழக்கம், கேட்கிறதா என்று பாருங்கள். பிறகு விரலால் இயர்பட்ஸை மெல்லக் காதுக்குள் அழுத்துங்கள். பேஸ் சட்டென்று எழும்பும். அழுத்தியதற்கும் விட்டதற்கும் உள்ள இடைவெளிதான் உங்கள் காதுக்கு அந்த ஜோடி எவ்வளவு பொருந்தவில்லை என்பதன் அளவு. என் காதில் கொக்கி வகைக்கு வித்தியாசம் குறைவு, தண்டு வகைக்கு மிக அதிகம். உங்கள் காதில் தலைகீழாகவும் இருக்கலாம். காதுமடல் ஆளுக்கு ஆள் வேறு.

பேச்சுக்கும், வீணைக்கும், பழைய திரைப்பாட்டுக்கும் இந்தக் குறை பெரிதாகத் தெரியவில்லை. ஒலி தலைக்குள் குவியாமல் முன்னால் எங்கிருந்தோ வருவது போல இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. பறை, தவில், இன்றைய குத்துப்பாட்டு என்றால் ஏமாற்றம்தான்.

முறுக்கு சோதனை என்று ஏதோ சொன்னீர்களாமே?

ரப்பர் முனை மாட்டிக்கொண்டு முறுக்கு கடித்தால் தலைக்குள் கல் உடைப்பார்கள். துளையை அடைத்ததும், தாடை வழியாக வரும் நம் சொந்த அதிர்வு வெளியேற இடமில்லாமல் உள்ளேயே சுற்றுவதால் வருவது அது. பேசும்போது நம் குரல் பானைக்குள் பேசுவது போலக் கேட்பதும் அதனால்தான். திறந்த வகையில் இரண்டும் இல்லை. ஒரு மணி நேரக் கூட்டத்தில் நான் பேசிக்கொண்டே இருந்தும் களைக்காததற்கு இதையே காரணமாகச் சொல்வேன். இந்த வகையைப் பற்றிப் பேசுபவர்கள் இதை அதிகம் சொல்வதில்லை. எனக்கோ பேஸ் இழப்பை ஈடுகட்டியது இதுதான்.

முறுக்கு வேறொன்றையும் காட்டியது. ஐந்தாவது கடியில் தண்டு வகையின் இடது பக்கம் நழுவித் தட்டில் விழுந்தது.

கழன்று விழுமா? கண்ணாடி, தோடு, ஹெல்மெட் எல்லாம் இருக்கிறதே?

தண்டு வகை விழும். மெல்லும்போது, கொட்டாவி விடும்போது, சட்டையைத் தலைவழியாகக் கழற்றும்போது. ரயில் வாசல் அருகே நின்று இதை மாட்டாதீர்கள். தண்டவாளத்தில் போனது போனதுதான். ஒரு பக்கம் மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்றால், மலிவு ஜோடிகளுக்கு அது பெரும்பாலும் கிடைப்பதில்லை; கிடைத்தாலும் விலையைக் கேட்டுவிட்டுப் புது ஜோடியே வாங்குவீர்கள்.

கொக்கி வகை விழாது. ஆனால் கண்ணாடி போடுபவர்களுக்குக் காதின் மேல் இரண்டு வளைவுகள் நெருக்கியடிக்கும். முதலில் கொக்கி, அதன் மேல் கண்ணாடிக் காம்பு என்ற வரிசையில் போட்டால் சமாளிக்கலாம். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு எனக்குக் காதின் பின்புறம் சிவந்தது. தலைக்கு எண்ணெய் வைத்த அன்று வளைவு வழுக்கிச் சற்றே கீழிறங்குகிறது. துணியால் துடைத்தால் சரி.

கிளிப் வகை கண்ணாடியோடு சண்டை போடுவதில்லை. அதன் சண்டை நகையோடு. காதுமடலின் கீழ்ச் சோணையில் தோடோ ஜிமிக்கியோ இருந்தால் இடைஞ்சல் இல்லை, கிளிப் அதற்கு மேலேதான் கவ்வும். ஆனால் தோட்டிலிருந்து கூந்தலுக்குப் போகும் மாட்டல் போட்டிருந்தால் சங்கிலி சிக்கும். மேல் காதில் கொப்போ இரண்டாவது மூன்றாவது கம்மலோ குத்தியவர்கள் கடையில் மாட்டிப் பார்க்காமல் வாங்கவே வேண்டாம். கல்யாண வீட்டுக்குப் போகும் நாளில் யாரும் இயர்பட்ஸ் மாட்டப்போவதில்லை என்பார் என் தம்பி. அவருக்கு அந்த வீட்டின் சமையல்கட்டுப் பெண்களைத் தெரியாது.

ஹெல்மெட்டோடு எதையும் மாட்டாதீர்கள். போடும்போதும் கழற்றும்போதும் இழுத்துக்கொண்டு போகும் என்பது சின்னக் காரணம். பெரிய காரணம், இருசக்கர வண்டியில் போகும்போது காதில் பாட்டு எதற்கு என்பது. "திறந்த வகைதானே, சாலைச் சத்தம் கேட்குமே" என்பார்கள். கேட்கும்; கவனம் இருக்காது. நடந்துபோகும்போதும் சாலையைக் கடக்கும் நேரத்தில் நிறுத்திவிடுங்கள்.

அழைப்பில் எதிர்முனைக்காரருக்கு நம் குரல் எப்படிக் கேட்கிறது?

இங்கேதான் பெட்டியின் மேல் அச்சடித்த எழுத்துகள் ஆளை ஏமாற்றும். ஏஎன்சி என்பது உங்கள் காதுக்கு வரும் சத்தத்தைக் குறைப்பது. ஈஎன்சி என்பது உங்கள் மைக்கில் விழும் சத்தத்தை எதிர்முனைக்குப் போகாமல் குறைப்பது. மலிவான திறந்த வகைப் பெட்டிகளில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் ஈஎன்சிதான். அதைப் பார்த்து, பஸ் சத்தம் கேட்காது என்று நினைத்து வாங்கியவர்கள் என் அலுவலகத்திலேயே மூன்று பேர். திறந்த வகையில் ஏஎன்சி கொண்ட ஜோடிகளும் உண்டு. 2024இல் ஆப்பிள் தன் ஏர்பாட்ஸ் 4இன் ஒரு மாடலில் அதைக் கொடுத்தது. அடைப்பு இல்லாத இடத்தில் அது எவ்வளவு பாடுபட்டாலும் ரப்பர் முனை வகையின் அளவுக்கு வராது.

மைக் விஷயத்தில் மூன்று ஜோடியும் மூடிய அறையில் தேர்ச்சி. எதிரி, நம் வீட்டு மின்விசிறி. ஐந்தில் ஓடும் விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தால், எதிர்முனையில் மேலாளர் "நீங்கள் கடற்கரையிலா இருக்கிறீர்கள்?" என்றார். நிஜமாகவே பெசன்ட் நகர்க் கடற்கரையில் போய் நின்று பேசியபோது கொக்கி வகையில் பாதி வார்த்தைகள் போயின. வாயருகே நீளும் தண்டு இங்கு ஒரு படி மேல். மைக் வாய்க்கு அருகில் இருப்பதால்.

பாட்டு நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்ததும் ஒலி பழைய டிரான்சிஸ்டர் போல மாறுவது கோளாறு அல்ல. மைக் வேலை செய்யத் தொடங்கியதும் புளூடூத் வேறு முறைக்குத் தாவுகிறது. ஸ்டீரியோ போய் ஒற்றை ஒலி வருகிறது. கணினியில் காணொளிக் கூட்டம் நடத்துபவர்கள், கணினியின் மைக்கையே தேர்ந்தெடுத்துவிட்டு இயர்பட்ஸைக் கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டால் ஒலி தெளிவாகவே இருக்கும்.

பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்குமா?

பகலில் கேட்காது. இரவு பதினொரு மணிக்கு, விசிறியும் நின்ற மின்வெட்டு நேரத்தில், கையெட்டும் தூரத்தில் படுத்திருப்பவருக்கு முணுமுணுப்பாகக் கேட்கும். நூலகத்தில் ஐந்தாவது படிக்கு மேல் போகாதீர்கள். குரல் செய்திகளைப் பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டுவிடக் கூடாது என்றால் ரப்பர் முனைதான் கதி.

பெட்டியில் 30 மணி நேரம் என்று போட்டிருக்கிறார்களே?

அது சார்ஜ் பெட்டியையும் சேர்த்த கணக்கு. காதில் இருக்கும் துண்டு ஒரு தடவைக்கு எத்தனை மணி நேரம் என்பதைச் சின்ன எழுத்தில் தேடுங்கள். ஐந்து முதல் எட்டு என்று இருக்கும். அதுவும் பெரும்பாலும் பாதி ஒலியளவில் எடுத்த எண். திறந்த வகையை நாம் எப்போதும் ஒன்றிரண்டு படி கூட்டியே வைப்போம் என்பதால் அந்த நேரம் கிடைக்காது. ஆறு மணி நேரம் என்று சொன்ன என் தண்டு வகை, வீட்டில் ஐந்து மணி நேரத்தை ஒட்டி நின்றது. அழைப்புகள் நிறைந்த நாளில் நான்கு.

பேச்சுக்கு மட்டும் என்றால் ஒற்றைக் காதில் மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒன்று பெட்டியில் ஊறும்போது மற்றது உழைக்கும்.

இவற்றின் பேட்டரி சுண்டுவிரல் நகம் அளவு லித்தியம் துண்டு. சில நூறு சார்ஜ் சுற்றுகளில் அதன் கொள்ளளவு கண்கூடாகக் குறையும். தினமும் முழுக்கத் தீர்த்துப் பயன்படுத்தினால் இரண்டு வருடத்தில் ஐந்து மணி நேரம் மூன்றாகலாம். பேட்டரியை மாற்றித் தர யாரும் இல்லை, ஒட்டி மூடிவிடுகிறார்கள். செத்ததைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள்.

வியர்வை, மழை?

ஐபிஎக்ஸ்4 என்றால் எந்தப் பக்கமிருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும். ஐபிஎக்ஸ்5 குழாயிலிருந்து பீய்ச்சும் நீரைத் தாங்கும். ஐபிஎக்ஸ்7 ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். இந்த விலையில் பெரும்பாலும் முதல் இரண்டுதான் கிடைக்கும். நடைக்கும் வியர்வைக்கும் அது போதும். பலரும் தவறவிடுவது வேறு: இந்த மதிப்பீடு இயர்பட்ஸுக்குத்தான், பெட்டிக்கு அநேகமாக இல்லை. நனைந்த ஜோடியைத் துடைக்காமல் பெட்டியில் வைத்தால், சார்ஜ் ஏறும் உலோகப் புள்ளிகள் பச்சை பிடிக்கும். வியர்வையின் உப்பு தண்ணீரைவிட மோசம்.

தொடு கட்டுப்பாடு வசதியா?

தொல்லை. முடியை ஒதுக்கினால் பாட்டு நிற்கிறது, தலையணையில் சாய்ந்தால் யாருக்கோ அழைப்பு போகிறது. பாத்திரம் கழுவும் ஈரக்கையோடு தொட்டால் எதுவும் நடப்பதில்லை. என் கொக்கி வகையில் அழுத்தும் பொத்தான் இருக்கிறது. அதற்குக் கோயில் கட்டலாம்.

எல்டிஏசி, ஏஏசி, புளூடூத் 5.3 இதெல்லாம் பார்க்க வேண்டுமா?

இந்த விலையில், இந்த வகையில், வேண்டாம். எல்டிஏசியும் ஏஏசியும் புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைகள். எல்டிஏசி வினாடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும் என்பது உண்மை. அது கொண்டுவரும் நுணுக்கத்தை உங்கள் வீட்டு விசிறியே தின்றுவிடும். அதற்குப் பதிலாக, போனையும் கணினியையும் ஒரே நேரத்தில் இணைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு அது தினமும் உதவும்.

காணொளியில் உதடும் குரலும் பொருந்தாமல் போகுமோ என்ற பயம் தேவையில்லை, பெரும்பாலான செயலிகள் தாமதத்தைத் தாமே ஈடுசெய்துகொள்ளும். விளையாட்டில் துப்பாக்கி வெடித்த பிறகு சத்தம் வரும். கேம் மோட் இருந்தால் குறையும், மறையாது.

ஆள்நெரிசலில் ஒலி விட்டுவிட்டு வருகிறதே?

போனை முதுகுப்பையிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் வையுங்கள். புளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் உறிஞ்சும். நம் உடம்பு பெரும்பாலும் நீர். நுங்கம்பாக்கம் நடைமேடையில் எனக்கு விட்டுவிட்டு வந்தது இதனால் பாதி சரியானது. மீதிப் பாதி, அதே அலையில் சுற்றியிருக்கும் நூறு போன்களின் புண்ணியம்.

காதுக்கு இது பாதுகாப்பானதுதானே?

வகை பாதுகாப்பைத் தருவதில்லை, ஒலியளவுதான் தருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை, பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் அதே வாரத்துக்கு நான்கே மணி நேரம். மூன்று டெசிபல் கூடும் ஒவ்வொரு முறையும் நேரம் பாதியாகும். குழந்தைகளுக்கு வரம்பு இன்னும் கீழே, 75 டெசிபல்.

அமைதியான வீட்டில் திறந்த வகை உங்களைக் குறைந்த ஒலியிலேயே நிறுத்தும், நல்லது. ரயிலில் பதின்மூன்றாம் படியில் தினமும் ஒன்றரை மணி நேரம் என்றால், ரப்பர் முனையைவிட இதுதான் காதைக் கெடுக்கும். பாதுகாப்பானது என்று மருமகளுக்கு வாங்கிக்கொடுத்த ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் வாடியது. அந்தப் பெண் தினமும் அண்ணா சாலை வழியாகப் பஸ்ஸில் போகிறவள்.

அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். இதை வாங்கிக் கொடுக்கலாமா?

தொலைக்காட்சி கேட்கப் புளூடூத்தில் இணைத்துக் கொடுக்கலாம். மற்றவர்களுக்குச் சத்தம் குறையும், அவருக்கு வீட்டுப் பேச்சும் கேட்கும். ஆனால் செவித்துணைக் கருவிக்கு இது மாற்று அல்ல. அவருக்கு எந்தச் சுருதி கேட்கவில்லையோ அதை மட்டும் தூக்கித் தருவது அந்தக் கருவி. இது எல்லாவற்றையும் ஒரே மாதிரி கத்தும். முதலில் கேட்கும் திறன் பரிசோதனை.

வாங்கும்போது பெட்டியில் எதைப் பார்ப்பது?

இந்தியாவில் விற்கும் வயர்லெஸ் இயர்போன்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு கட்டாயம். ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் பெட்டியிலோ கருவியிலோ இருக்க வேண்டும். அது இல்லாத ஐந்நூறு ரூபாய் ஜோடியை, எவ்வளவு பளபளத்தாலும், காதருகே கொண்டுபோக வேண்டாம். உத்தரவாதம் ஒரு வருடமா, சேவை மையம் உங்கள் ஊரில் இருக்கிறதா, திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்று கேளுங்கள். அந்த அவகாசத்துக்குள் கண்ணாடியோடு இரண்டு மணி நேரம் மாட்டிப் பாருங்கள். விசிறிக்குக் கீழே ஒரு அழைப்பு பேசுங்கள். ஒரு முறுக்கும் கடியுங்கள்.

கடைசியில் நீங்கள் எதை வைத்துக்கொண்டீர்கள்?

வீட்டுக்குக் கொக்கி. ரயிலுக்குப் பழைய ரப்பர் முனையே மறுபடியும், ஒரு வழிக்கு நாற்பது நிமிடம் மட்டும், அரிப்பு திரும்பவில்லை. தண்டு வகை தம்பி வீட்டுக்குப் போயிற்று.

கிளிப்பை அம்மா எடுத்துக்கொண்டார். காலை உபன்யாசத்தைப் போனில் உரக்க வைத்து வீட்டையே எழுப்புவார் என்பதால், ஒருநாள் அவர் காதில் மாட்டிவிட்டேன். தோட்டுக்கு மேலே இன்னொரு தோடு போல இருந்தது. கண்ணாடியில் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இப்போது உபன்யாசம் அவருக்கு மட்டும் கேட்கிறது. ஆனால் நான் அடுத்த அறையில் அலுவலக அழைப்பில் இருப்பதும் அவருக்குக் கேட்கிறது. முடித்து வெளியே வந்ததும், "யார் அந்த மேலாளர், இவ்வளவு நேரம் பேசுகிறான்?" என்கிறார்.